ஒரு பந்து, ஒரு குவளை

"எத்தனை கோப்பைகள் வென்றீர்கள்?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். ஒன்றுகூட இல்லை. "மாதம் என்ன கிடைக்கிறது?" என்று உறவினர் கேட்கின்றனர். செலவுதான் கிடைக்கிறது! "பின் எதற்கு இந்த வேலை?" என்கின்றனர் இருவரும். அதற்குத்தான் இங்கே விடை கூற விழைகின்றோம்.

புதுவையிலிருந்து வில்லியனூர் செல்லும் சாலையில் உள்ளது மூலக்குளம். அங்கே மாலைதோறும் பதினாறு பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்கி வருகின்றோம். ஊர்த்தெருப் பிள்ளைகள் உண்டு. காலனித் தெருப் பிள்ளைகள் உண்டு. புதுமனைகளில் குடியேறியோரின் பிள்ளைகளும் உண்டு. காலணி அணிந்தவர் சிலர், வெறுங்காலினர் பலர். பந்து உருளத் தொடங்கினால் சாதி ஓடிவிடும் என்று எண்ணித்தான் திடலுக்குச் சென்றோம். மேடையிலே அப்படிப் பேசியிருக்கின்றோம், கைதட்டலும் பெற்றிருக்கின்றோம்.

மூன்றாம் வாரம். ஆட்டம் நின்றது. பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக் குடித்தனர். கோல் காவலனாக நின்ற சிறுவன் மட்டும் எட்ட நின்று, இரு கைகளையும் குவித்து வாயருகே வைத்தான். மற்றொருவன் உயரத் தூக்கி ஊற்றினான். எவரும் அதட்டவில்லை; எவரும் ஏசவில்லை. எவரும் சொல்லாமலே நடந்தது. அதுதான் நெஞ்சில் தைத்தது.

மற்றொன்றும் அப்போதுதான் விளங்கிற்று. முதல் நாளிலிருந்தே அவன்தான் கோல் காவலில் நின்றான். அவன் விருப்பம் என்றிருந்தோம். "நீயாகத்தானே தம்பி அங்கே நிற்கிறாய்?" என்று கேட்டோம். "இல்ல சார், அவங்கதான் அங்க போய் நில்லுன்னாங்க" என்றான். மற்றவரோடு உரசாத இடம்! தள்ளிவைக்கும் வழக்கம் திடலுக்குள்ளும் தனக்கோர் இடம் பிடித்துக்கொண்டது. பயிற்றுநர் என்று பெயர் சூட்டிக்கொண்ட நாமோ, அறியாமலே அதற்குக் காவல் நின்றோம்!

பிள்ளைகளைப் பிரித்த கதை நம் இயக்கத்தாருக்குப் புதிதன்று. இதே புதுவையில் பத்தாண்டுகள் தங்கியிருந்த வ.வே.சு. அய்யர், பின்னர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது. 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டும் வெளியேறினார். நூற்றாண்டு உருண்டோடிவிட்டது. பந்தி போய்ப் புட்டி வந்திருக்கிறது; பிரிவினை போகவில்லையே!

மறுநாள் ஒரு மண்குடமும் ஒரே ஒரு குவளையும் திடலுக்கு வந்தன. சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. இரண்டே விதிகள் சொன்னோம். கோல் காவல் எல்லோருக்கும் முறைவைத்து வரும். அன்று காவல் நிற்பவருக்கே முதல் குவளை. கடைசிக் குவளை நமக்கு.

அடுத்த நாள் இரு சிறுவர் வரவில்லை. ஒருவனின் தந்தை நம்மைத் தேடி வந்தார். "ஆட்டம் சொல்லிக் குடுங்க சார்; ஊர் வழக்கத்துல ஏன் கை வைக்கிறீங்க?" என்றார்.

"அய்யா, ஆட்டத்தைத்தான் சொல்லிக் கொடுக்கின்றோம். குவளையைக் கொடுக்கக் கூசுகிறவன் பந்தையும் கொடுக்க மாட்டான். பந்தைக் கொடுக்காதவன் பத்துப் பேரை வைத்துக்கொண்டே தோற்பான்" என்றோம். அவர் விடை கூறாமல் சென்றார்.

கால்பந்தின் விதியைப் பாருங்கள், தோழர்களே! ஆட்டம் நடக்கையில் பந்தைக் கையால் தொடும் உரிமை கோல் காவலர் ஒருவருக்கே உண்டு. அதுவும் அவருக்குரிய எல்லைக்குள் மட்டுமே. அவ்வுரிமையைப் பிறப்பு தரவில்லை. நிற்கும் இடம் தருகிறது. எந்தக் கைக்குக் குவளை மறுக்கப்பட்டதோ, அந்தக் கையை நோக்கித்தான் "பிடிடா, பிடிடா!" என்று பதினைந்து குரல்கள் கெஞ்சின!

அவனை நடுக்களத்துக்கு மாற்றினோம். முதல் வாரம் தடுமாறினான்; பல பந்துகளைத் தவறவிட்டான். ஆனால் இப்போது பந்துக்காகக் குரல் கொடுத்துக் கேட்கிறான். கேட்கக் கற்றுக்கொண்டான், அது போதும்.

அணியிலே சிறுமியர் மூவர். "வயசுக்கு வந்துட்டா நிறுத்திடுவோம்" என்றார் ஒரு தாய். அண்டையிலுள்ள கடலூர் மண்ணில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்காக ஆடியதைச் சொன்னோம். 2018இல் கட்டாக்கில் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையை ஏந்தியதையும் சொன்னோம். "அந்தப் பொண்ணு நம்ம பக்கமா!" என்று வியந்தார் அந்தத் தாய். முடிவு இன்னும் சொல்லவில்லை. மகள் இன்னும் வருகிறாள்.

பயிற்றுநரின் உழைப்பு எங்கெங்கோ கொண்டு சேர்க்கும் என்பதும் உண்மையே. ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரகீம் பழக்கிய இந்திய அணி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. மூலக்குளத்திலிருந்து ஒலிம்பிக் வீரர் எழலாம், எழாமலும் போகலாம். அதை நம்பி நாம் திடலுக்குச் செல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை, விலகிய இருவரில் ஒருவன் திரும்பி வந்தான். தந்தை அனுப்பினாரா, தானே வந்தானா என்று நாம் கேட்கவில்லை. ஆடினான், வியர்த்தான், குடத்தருகே வந்து தயங்கினான். நடுக்களச் சிறுவன் தான் குடித்த குவளையை நிரப்பி நீட்டினான். இவன் ஒருமுறை நம்மைப் பார்த்தான். பிறகு வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்றான்.

மற்றவன் இன்னும் வரவில்லை. அவனுக்கான இடம் காத்திருக்கிறது.

நண்பர்களே, கேட்டீர்களல்லவா, என்ன கிடைக்கிறது என்று? இதுதான் கிடைக்கிறது. மேடையில் ஆயிரம் பேருக்குச் சொன்னது, திடலில் இருவருக்கிடையே நடந்ததைக் கண்டோம். பிள்ளைகளைத் திருத்தச் சென்ற நாம், நம் கண்ணையும் திருத்திக்கொண்டோம். இளைஞர்களே, கூட்டத்துக்குச் செல்லுமுன் ஒரு மணி நேரம் உங்கள் ஊர்த் திடலுக்குச் செல்லுங்கள். பந்தோடு ஒரு குவளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றே போதும்!