நோகாத காயம்



தரம் 11க்கு நரம்புத் தொகுதி படிப்பிக்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்கட உம்மம்மாட கால்ல ஆணி குத்தி ரெண்டு நாள் கழிச்சுத்தான் கண்டம். நோகல்ல எண்டாங்க. நோகாட்டி நல்லந்தானே?"

நல்லதில்லை. ஏன் என்பது எல்லா வீடுகளுக்கும் தெரிய வேண்டும்.

நரம்புக் கலத்தின் மென்சவ்வுக்கு வெளியே சோடியம் அயன்கள் அதிகம். உள்ளே பொற்றாசியம் அதிகம். ஓய்வில் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மறையாக இருக்கும். ஆணி குத்தியதும் அங்குள்ள வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். உட்பக்கம் நேராக மாறும். உடனே பொற்றாசியம் வெளியேற, பழைய நிலை திரும்பும். ஓரிரு மில்லிசெக்கனில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் அந்த மாற்றம் பக்கத்து வாயில்களைத் திறந்துவிட்டிருக்கும். வரிசையில் நின்று வாளி கைமாற்றுவது போலத்தான்: ஆட்கள் நகர்வதில்லை, வாளி போய்ச் சேர்ந்துவிடும்.

1939இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பிழை ஒன்றுக்குள்ளேயே மின்வாயை நுழைத்து இந்த மாற்றத்தை அளந்தார்கள். அது கணவாயின் நரம்பிழை. நமது இழைகளைவிடப் பல மடங்கு தடிப்பு என்பதால்தான் அது முடிந்தது. 1963இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் கணத்தாக்கத்தில் பெரிது சிறிது இல்லை. வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் வராது. மெல்லக் குத்தினாலும் பலமாகக் குத்தினாலும் ஒவ்வொன்றும் ஒரே அளவுதான். செக்கனுக்கு எத்தனை வருகிறது என்பதில்தான் வித்தியாசம். மூளை காலைப் பார்ப்பதில்லை, செய்தியை எண்ணுகிறது. செய்தி வராவிட்டால் காயமே இல்லை என்று இருந்துவிடும்.

சீனி வருத்தம் கட்டுப்பாடில்லாமல் நீடித்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் பழுதாகும். நீளமான இழைகள்தான் முதலில் அடிபடும். கால்விரலிலிருந்து முள்ளந்தண்டு வரை ஒரே கலத்தின் இழை ஏறத்தாழ ஒரு மீற்றர். அதனால்தான் விறைப்பும் எரிவும் பாதத்தில் தொடங்குகின்றன.

என் உம்மா ஒருநாள் உச்சி வெயிலில் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நின்று மிளகாய் காயப் போட்டிருக்கிறா. அடுத்த நாள் தங்கச்சிதான் பாதத்துக் கொப்புளத்தைக் கண்டாள். "நோகல்லயே மகன், ஏன் சும்மா ஆஸ்பத்திரிக்கு?" என்றா. அது ஆற மூன்று மாதம் போனது. விரல் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

நோவும் ஒரு நிஃமத்துதான். அது குறைந்தவர்களுக்குக் கண்தான் நரம்பின் வேலையைச் செய்ய வேண்டும். நமக்கு அதற்கு லேசான வழி இருக்கிறது. ஐந்து நேரமும் வுழூவில் கால் கழுவுகிறோம், விரலிடுக்குகளைக் கோதுகிறோம். அப்போதே பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். விரலிடுக்கு ஈரத்தைத் துடையுங்கள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். ஜும்ஆவுக்குப் போனால் சூடான பள்ளி முற்றத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சிறிய காயமானாலும் கிளினிக்கில் காட்டுங்கள்.

இன்று மஃரிபுக்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களின் பாதத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.