இரண்டு ஆசிரியர்களும் ஒரு சனிக்கிழமையும்

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் குறுவட்டப் போட்டிகளுக்கான பேச்சு தொடங்கிவிடும். பிளஸ் டூ வகுப்புக்குக் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பும் அப்போதே ஆரம்பம். கோ-கோ அணியில் இருக்கும் பிளஸ் டூ பெண்ணுக்கு இரண்டும் ஒரே சனிக்கிழமையில் வந்து நிற்கும். வகுப்பாசிரியராக இருந்து நான் பார்த்தவரையில், இந்தப் பிள்ளைகளை அதிகம் வாட்டுவது யாரிடம் முதலில் போய்ச் சொல்வது என்ற பயம்தான்.

பி.இ.டி. ஆசிரியர், "பிராக்டிஸுக்கு வரலைன்னா டீம்ல பேர் இருக்காது" என்பார். வேதியியல் ஆசிரியர், "பப்ளிக் எக்ஸாம் வருஷத்துல விளையாட்டு எதுக்கும்மா?" என்பார். இருவரும் மதியம் ஒரே அறையில் டிபன் பாக்ஸைத் திறப்பவர்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளை இருவருக்கும் நடுவே தூது போய்க்கொண்டிருக்கும். இது எனக்குச் சரியாகப் படவில்லை. பொதுத் தேர்வின் அகமதிப்பீட்டில் வருகைப் பதிவுக்கும் மதிப்பெண் உண்டு, இணைச் செயல்பாடுகளுக்கும் உண்டு. இரண்டையும் கேட்பது நாம்தான் என்றால், மோதும்போது வழி காட்டுவதும் நம் வேலைதானே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. போட்டி நடக்கும் அதே சனிக்கிழமைதான் அவளுடைய பேட்ச்சுக்கு ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். தோழியின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாளாம். அது எழுதி வருகிற விஷயம் இல்லை. அடர் நிறக் கரைசல் என்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். கூம்புக் குடுவையைச் சுழற்றியபடியே கடைசியில் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு கலையாமல் நிற்கும் இடத்தில் குழாயை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்கு மாறிப்போகும். கை பழகினால்தான் வரும்.

வேதியியல் ஆசிரியரிடம் அவளையே பேசச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். விளையாடப் போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. "இன்னொரு பேட்ச் வியாழக்கிழமையே இதைச் செய்யறாங்க, நான் அவங்களோட வந்து செய்யட்டுமா மிஸ்?" என்றாள். ஆசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதையே சனிக்கிழமை காலையில் வந்து சொல்லியிருந்தால் வியாழக்கிழமை கையைவிட்டுப் போயிருக்கும். முன்கூட்டியே சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். சொல்லும்போது, விட்டதை எப்போது ஈடுகட்டுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் மறுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

பஸ்ஸும் ஒரு முக்கியமான விஷயம். பயிற்சி முடிந்து மாலைச் சிறப்பு வகுப்பிலும் உட்கார்ந்தால் கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ் போய்விடும். இதைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

எல்லா மோதலுக்கும் வியாழக்கிழமை கிடைக்காது. செய்முறைப் பொதுத் தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் தேர்வுக்குத்தான் போக வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவைப் பயிற்சியாளரிடம் எப்போது சொல்கிறோம் என்பது பெரிய விஷயம். கோ-கோவில் ஒன்பது பேர் களத்தில் இறங்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒருத்தி வரவில்லை என்றால், ஓட்டக்காரர்களை மும்மூன்று பேராகப் பிரித்து வைத்த திட்டமே குலைந்துவிடும். தேதி தெரிந்த அன்றே சொன்னால், வரிசையில் காத்திருக்கும் பிளஸ் ஒன் பெண்ணைத் தயார் செய்ய அவருக்கு நாள் இருக்கும். அந்தப் பெண்ணுக்கும் மைதானத்தில் இறங்கி ஓட ஒரு போட்டி கிடைக்கும்.