பச்சையாத்தான் இருந்துச்சு

கொலராடோ மலைப்பக்கம் நாங்க இருந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு லாட்ஜ்போல் பைன் மரம். 2007 ஆகஸ்டுல பார்த்தா, தண்டு முழுக்க பாப்கார்ன் ஒட்டின மாதிரி பிசின் கட்டிகள். நம்மூர் முருங்கைப் பிசின் ஞாபகத்துல ஒண்ணைப் பிய்த்து முகர்ந்து பார்த்தேன். வாசனை நல்லாவே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த கோடைக்குள்ள வெட்டிடுப்பா" என்றார். உச்சி வரைக்கும் பச்சைப்பசேல்னு நிக்கிற மரத்தை யாராவது வெட்டுவாங்களா? தவிர, வெட்டுக்கூலியைக் கேட்டதும் தலை சுத்திடுச்சு (கஞ்சன்னு தங்கமணி சொல்வது பொய்யில்லை). தள்ளிப்போட்டேன்.

அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மலைப் பைன் வண்டு, அரிசி மணி சைஸ்தான். முதலில் வருவது பெண் வண்டு. பட்டையைத் துளைக்கும். மரம் சும்மா விடுமா? பிசினைக் கக்கி வெளியே தள்ளப் பார்க்கும். அந்த பாப்கார்ன், மரம் போட்ட சண்டை! ஆனா அம்மணி கில்லாடி. பிசினில் இருக்கும் சரக்கையே உடம்புக்குள் மாற்றி, வாசனையாக விட்டு ஊரையே கூப்பிட்டுவிடும். நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். கூட்டம் ஜாஸ்தியானதும், "இடமில்ல, அடுத்த மரத்துக்குப் போங்க" என்பதற்குத் தனியாக ஒரு வாசனை. டவுன் பஸ் கண்டக்டர் தோத்தார்.

பட்டைக்கடியில் செங்குத்தாகச் சுரங்கம் தோண்டி, இரண்டு பக்கமும் முட்டை. புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகும். தாய் வண்டு வாயில் சுமந்து வந்த பூஞ்சை, மரத்துக்குத் தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடும். இலை மட்டும் அடுத்த கோடை வரை பச்சையாகவே இருக்கும். குளிரில் புழு சாகாதா? உடம்பில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு மைனஸ் 30 டிகிரியைக்கூடத் தாங்கிடும். மைனஸ் 40 வந்தால்தான் கதை முடியும். அந்தக் குளிர் இப்பல்லாம் எங்கே வருது? கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் 1990களில் ஆரம்பித்து, சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காடு மாட்டிக்கிச்சு.

2008 ஜூனில் மரம் செம்பட்டையானது. அலறியடிச்சு ஆள் தேடினால், ஊரெல்லாம் அதே வேலை. ஆகஸ்டில்தான் வந்தார்கள். பட்டையெங்கும் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டைகள். வண்டெல்லாம் கிளம்பிப் போயாச்சு. அறுத்த கட்டையின் ஓரத்தில் நீலச்சாயம், பூஞ்சை போட்டது.

அதே வாரம் பெரியவர் வீட்டு மரங்கள் மூன்றில் பாப்கார்ன். என் மரத்திலிருந்துதான் போச்சுன்னு சொல்ல முடியாது, மலையே சிவந்து கிடந்த வருஷம் அது. அவரும் எதுவும் கேட்கலை. பனி விழும் முன் மூணையும் வெட்டினார். அடுத்த வருஷம் அந்த நீலக்கோடு போட்ட பலகையில் ஒரு ஸ்டூல் செய்து என் பையனுக்குக் கொடுத்தார். இன்னும் வீட்ல இருக்கு. நான் மட்டும் அதுல உட்கார்றதில்லை.