சின்னக் கைக்கு ஏற்ற ரப்பர்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் புத்தகக் கடைகளில் கூட்டம் நெரிகிறது. பை, காலணி, தண்ணீர்க் குப்பி என்று ஒவ்வொன்றையும் பெற்றோர் புரட்டிப் பார்த்து வாங்குகின்றனர். ரப்பர் மட்டும் கடைசியில், சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர் தள்ளிவிடும் பொருளாகவோ, பிள்ளை அடம்பிடித்துக் கேட்ட வண்ணப் பொம்மையாகவோ வீடு வந்து சேர்கிறது. நாங்கள் இருவரும் குமரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நிம்மதி இச்சிறு கட்டியை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர்களாதலால், சிறிது விரிவாகவே எழுத விழைகிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் சிலேட்டுக்குக் கோவை இலை போதுமாயிருந்தது. இலை கிடைக்காத நாளில் எச்சில் உதவிற்று. மேனாட்டார் பென்சில் கோட்டை நெடுங்காலம் ரொட்டித் துணுக்கால் அழித்து வந்தனர். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி, ரப்பர்த் துண்டு இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது என்று 1770-இல் எழுதி வைத்தார். அக்காலத்தில் அரை அங்குலக் கட்டி ஒன்றின் விலை மூன்று ஷில்லிங்! அந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைக் கண்ட பின்னரே அது நிலைத்த பொருளாயிற்று. குலசேகரம் பக்கத்தில் விடியுமுன் பால் வெட்டப் புறப்படும் தொழிலாளரின் பிள்ளைகள் எங்களிடம் படித்தார்கள். அவர்கள் பெட்டியிலிருந்த வெள்ளை ரப்பர்களுள் பலவற்றில் மரத்துப் பால் ஒரு துளியும் இல்லை. அவை முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். பெயர் மட்டும் ரப்பராகவே நின்றுவிட்டது.

பென்சிலின் கரி, காகித இழைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தூள்தான். நல்ல ரப்பர் காகிதத்தைச் சுரண்டாமல் அத்தூளைத் தன்மேல் ஒட்டவைத்து, சிறு சுருளாக உதிர்ந்துவிடும். பழையதாகி இறுகிய ரப்பரோ தூளை வாங்கிக்கொள்ளாது. கரியை நாலாபுறமும் இழுத்துப் பூசும். பேனா மையை அழிக்கவென்று விற்கும் சொரசொரப்பான நீல முனையில் அரம்போன்ற பொடி கலந்திருப்பதால், அது காகிதத்தின் மேல்தோலையே உரித்துவிடும். சிறு பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

கடையில் சோதித்துப் பார்க்க வெட்கப்படலாகாது. பிள்ளையின் நோட்டையே கொண்டுபோய், அதன் பென்சிலால் கடைசித் தாளில் நாலெழுத்து எழுதி, மெல்லத் தேய்த்துப் பாருங்கள். மூன்று நான்கு தேய்ப்பில் எழுத்து மறைய வேண்டும். தாளில் பஞ்சு எழும்பக் கூடாது. சாயம் படியக் கூடாது. வளைத்தால் சிறிது இணங்க வேண்டும். மூன்று விரலுக்குள் அடங்கும் செவ்வகக் கட்டியே நல்லது. அதன் மூலையால் ஓர் எழுத்தை மட்டும் தனியே அழிக்கலாம். உள்ளங்கை நிறையும் பெரிய ரப்பரைப் பிடித்த பிள்ளை தோள் பலம் முழுவதையும் தாளின்மேல் செலுத்துகிறது.

இதன் விளைவை ஒரு சிறுவனிடம் கண்டோம். முதல் வகுப்பு, நான்கு கோட்டு நோட்டு. அதில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கிடந்தன. பிரித்துப் பார்த்தால் நடுவே கட்டைவிரல் அளவு ஓட்டை. அதை மறைப்பதற்காகச் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டியிருந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, “அம்மா அடிக்கும், டீச்சர்” என்றான். அதற்குமேல் பேச்சு எழவில்லை. அவனிடம் இருந்ததோ வாகன வடிவில் ஒரு கெட்டி ரப்பர். அதனால் தேய்த்துத் தேய்த்து, எச்சில் தொட்டும் தேய்த்திருக்கிறான். ஈரப்பட்ட தாள் என்ன செய்யும்?

மறுநாள் தாயார் வந்தார். முந்திரி ஆலையில் வேலை செய்பவர். “கையெழுத்து குண்டுகுண்டா இருக்கணும்னுதான் டீச்சர், கோணலா இருந்தா பக்கத்தையே அழிச்சு மறுபடி எழுத வைப்பேன். நான் படிக்கல்ல, இவனாவது படிக்கட்டும்னு” என்றார். அந்தக் கண்ணீருக்கு முன்னால் கண்டிக்க எவருக்கும் மனம் வராது. நாங்கள் அவருக்குச் சொன்னது இரண்டே செய்தி. பிழையான ஓரிரு எழுத்தை மட்டும் அவன் அழிக்கட்டும். கோணல் எழுத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஆசிரியர் காண அதுவே வழி. அடுத்து, அவன் பென்சிலை அழுத்தாமல் எழுதப் பழகட்டும். அழுத்தி எழுதினால் தாளில் பள்ளம் விழும். கரி போனாலும் பள்ளம் போகாது, பள்ளத்தைப் போக்க முயன்றுதான் ஓட்டை. கொஞ்சம் மென்மையான பென்சிலும் வெள்ளை ரப்பர் ஒன்றும் வாங்கித் தந்தார். மாதக் கடைசியில் அவன் நோட்டில் தாள்கள் தனித்தனியே இருந்தன. எழுத்துகள் என்னவோ இன்னும் கோணல்தான்!

பழ வடிவிலும் மிட்டாய் வடிவிலும் மணக்க மணக்க விற்கும் ரப்பர்களைப் பற்றி ஒரு சொல். ஐந்து வயதுப் பிள்ளை மணப்பதைக் கடித்துப் பார்க்கும். துண்டு தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. உணவுப் பண்டம்போல் தோன்றிப் பிள்ளைகளுக்கு ஊறு விளைக்கும் பொருள்களை ஐரோப்பியச் சமூக நாடுகள் 1987-இலேயே விலக்கின. மேலும், பி.வி.சி. ரப்பரை மிருதுவாக்கத் தாலேட் வகை வேதிப்பொருள்களைச் சேர்ப்பதுண்டு. அவற்றுள் சிலவற்றுக்கு, விளையாட்டுப் பொருள்களில் நூற்றுக்கு 0.1 பங்கே எல்லை என 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. தாலேட் இல்லை என்று உறையில் அச்சிட்டிருப்பதைத் தேடி வாங்குவது நன்று. பிளாஸ்டிக் ஸ்கேலோடு ரப்பர் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மிருதுவாக்கும் அப்பொருள் கசிவதே காரணம். ரப்பரைச் சுற்றியுள்ள அட்டை உறை இதைத் தடுக்கவே இருக்கிறது. பிள்ளைகள் முதல் வேலையாக அதைத்தான் கிழித்தெறிவார்கள்!

தொலைந்துபோகும் என்ற கவலை எல்லா வீட்டிலும் உண்டு. சிலர் நூலில் கோத்துப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஓடியாடும் குழந்தைக்கு அது ஆகாது. புது ரப்பரைப் பிளேடால் இரண்டாக்கி, ஒரு பாதியில் பெயரின் முதலெழுத்தைப் பேனாவால் எழுதிப் பெட்டியில் போடுங்கள். மறுபாதி, வெயில் படாத அலமாரியில் காகிதத்தில் சுற்றி இருக்கட்டும். ஆடி மாதத்திற்குள் அநேகமாக அதற்கும் வேலை வந்துவிடும்.