மடியா, நாற்காலியா?

மடியில் உட்கார வைத்து ஊட்டுவதுதான் நம் வீடுகளின் வழக்கம். அதனால், 'குழந்தை சாப்பிட ஒரு நாற்காலி வாங்கணும்' என்று மருமகள் சொன்னால், 'உங்கள் மடி போதாது' என்றுதான் பல மாமியார்களின் காதில் விழும்.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு மீனவர் வீட்டிலும் அப்படித்தான் விழுந்தது. பேரனுக்கு ஏழு மாதம். தாய்ப்பாலோடு குழைத்த சோறும் சாப்பிடத் தொடங்கிவிட்டான். தலை நன்றாக நிற்கிறது. கொஞ்சம் பிடிமானம் இருந்தால் உட்காருகிறான். குழந்தை இந்த நிலைக்கு வந்த பிறகுதான் நாற்காலியைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

"சும்மா கிடக்குற வாக்கர்ல உட்கார வெச்சு ஊட்டேன்" என்றார் மாமியார்.

"அதுல சக்கரம் இருக்குதே அத்தை. நாம திரும்புறதுக்குள்ள அடுப்புகிட்ட போயிருவான்" என்றாள் மருமகள்.

அவள் பயம் வீண் இல்லை. கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

செல்போனில் அவள் முதலில் பார்த்தது உயரமான நாற்காலி. அது டைனிங் டேபிள் உள்ள வீட்டுக்கானது. இவர்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிடுகிறவர்கள். குழந்தையை மட்டும் சிமென்ட் தரைக்கு மேலே தூக்கி வைப்பானேன்? அமெரிக்காவில் குழந்தைகளின் சாப்பாட்டு நாற்காலி விபத்துகளால், 2003 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சராசரியாக 9,400 குழந்தைகள் அவசர சிகிச்சைக்கு வந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. விழுந்தவர்களில் பலர் அதற்கு முன் நாற்காலியில் எழுந்து நின்றவர்கள், அல்லது ஏறியவர்கள்.

அதனால் அவள் தேர்ந்தெடுத்தது, தரையோடு அமரும் குட்டை நாற்காலி. அகலமான அடிப்பாகம், கழற்றிக் கழுவும் தட்டு, இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட். தட்டு குழந்தையைத் தாங்காது, பெல்ட்தான் தாங்கும். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் முழுக்க பிளாஸ்டிக்கில் எடுத்தாள்.

உயர நாற்காலிதான் தேவை என்கிறவர்கள், கால்கள் அகன்று நிற்கிறதா, மடக்கும் இடத்தில் பூட்டு இறுகுகிறதா, பாதம் வைக்கப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரையோ மேஜையையோ காலால் உதைத்துப் பின்னால் சாயாதபடி தள்ளிப் போடுங்கள். கொதிக்கும் குழம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது.

நாற்காலி வந்த பிறகும் ஊட்டுவது மாமியார்தான். முன்பு ஒரு கையால் பேரனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மீன் முள் எடுப்பார். இப்போது இரண்டு கையாலும் சதையை உதிர்த்து, விரலால் தடவிப் பார்த்து ஊட்டுகிறார். மடியில் இருக்கும்போது அவன் உச்சந்தலைதான் தெரியும். இப்போது எதிரில் முகம் தெரிகிறது. விழுங்கிவிட்டானா, திணறுகிறானா என்று உடனே புரிகிறது.

நல்ல நாற்காலி பெரியவரின் வேலையைப் பறிக்காது. அவர் கைக்கும் கண்ணுக்கும் வசதி செய்து தரும். பெல்ட் போட்டாயிற்று என்று எழுந்து போவதற்கு மட்டும் எந்த நாற்காலியும் இடம் தராது.