தாமரைக் கோபுரத்தில் அன்னையுடன்

மலையிலே பிறந்தவர்களுக்கு உயரம் புதிதன்று. எமது டயகம கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே உள்ளது. கொழும்பிலே பேரை வாவிக் கரையில் நிற்கும் தாமரைக் கோபுரமோ ஏறக்குறைய 350 மீற்றர் உயரந்தான். ஆயினும், 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டதும், ஏறிப் பார்க்கும் ஆவல் எம்மையும் பற்றிக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் அன்னையாரையும் அழைத்துச் சென்றோம்.

நுழைவுச்சீட்டு ஆளுக்கு 500 ரூபா. அப்போது தோட்டத்திலே நாட்சம்பளம் 1000 ரூபா. “அரைநாள் பேருக்கு ஒரு சீட்டா?” என்று அன்னையார் தயங்கினார். ஒருவாறு இணங்கச் செய்து மின்தூக்கியில் ஏற்றினோம்.

மேலே சென்றதும் நாம் மாளிகைகளையும் வீதிகளையும் சுட்டிக்காட்டினோம். அவர் கண்களோ துறைமுகத்திலே பதிந்திருந்தன. முப்பதாண்டுகள் கூடை சுமந்தவர், கப்பலை அன்றுதான் கண்டார்.

“நாங்க பறிச்ச கொழுந்தெல்லாம் இதிலேதான் போச்சாப்பா?”

“ஆமாம்மா” என்றோம். ஈராக், ரஷ்யா, துருக்கி என்று படித்ததை ஒப்புவித்தோம்.

சிறிது நேரம் மௌனமாய் நின்றவர், “அங்கே குடிக்கிறவங்களுக்கு நம்மளைத் தெரியுமா?” என்று கேட்டார். எம்மால் விடை கூற இயலவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்களும் அங்கே செல்லும்போது பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். காட்சியை நாம் விளக்கலாம். கேட்க வேண்டியதை அவர்களே கேட்பார்கள். அந்த அரைநாட் சம்பளம் வீண்போகாது.