புஞ்சக்கரி இலைக்கோழி

பறவை பார்க்க வேண்டுமென்றால் உடனே குமரகத்துக்கு டிக்கெட் போடுகிறார்கள் எங்கள் திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரக்காரர்கள். கரமனையாற்றைத் தாண்டினால் புஞ்சக்கரி வயலும் வெள்ளாயணி நன்னீர்க் காயலும் இருக்கின்றன. 1933-லேயே சாலிம் அலி பறவைக் கணக்கெடுக்க வந்த சீமை இது.

தாமரை இலைமேல் தாமிர இலைக்கோழி நடப்பதைப் பார்க்கவேண்டும். வெண்புருவம், பச்சைமினுக்குக் கழுத்து, உடம்புக்குப் பொருந்தாத நீள விரல்கள். எடை பரவிவிடுவதால் இலை அமிழாது. முட்டையை அடைகாப்பதும் குஞ்சு மேய்ப்பதும் ஆண்தான். அம்மா அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போய்விடுவாள். (அக்ரஹாரத்தில் இதை உரக்கச் சொல்ல முடியாது!)

நீலத்தாழைக்கோழி, செந்நாரை, பாம்புத்தாரா எல்லாம் உண்டு. வயலை மண்ணடித்து மனையாக்கினால் இவை போக வேறு இடமில்லை.

போகிறவர்கள் வரம்பிலேயே நில்லுங்கள். படத்துக்காகக் கூட்டை நெருங்காதீர்கள்.